மடியில் கனத்தோடு ஒரு கிழமை

1

“...வெளியில தெரியவே கூடாது, அக்கா. மெல்லிசா இருக்க வேணும், உடம்போட ஒட்டிக் கிடக்க வேணும், ஆனா கேட்ட நேரத்தில ஏமாத்தக் கூடாது,” என்று சொல்லியபடி என் தம்பி குகன் புட்டுக்கு இரண்டாவது தரமும் கை நீட்டினான்.

ஊரில் யாராவது இப்படிச் சொன்னால் அது தாலிக்கொடியைப் பற்றித்தான் இருக்கும். குகன் சொன்னது பிஸ்ரலை, கைத்துப்பாக்கியைப் பற்றி. அவன் அமெரிக்காவில், ஹியூஸ்ரன் நகரத்துக்கு வெளியே, பெற்றோல் நிலையத்தோடு ஒட்டின ஒரு சின்னக் கடை நடத்துகிறான். காலையில் மணிக்கூடு கட்டுகிறதுபோல இடுப்பில் செருகி, சேட்டால் மூடி, நாள் முழுக்கத் திரியக்கூடிய ஒரு மெல்லிய பிஸ்ரலை மாதக்கணக்காகத் தேடிக்கொண்டிருந்தான்.

எங்கள் அப்பாவின் திவசம் ஒவ்வொரு வருடமும் ஸ்காபரோவில் எங்கள் வீட்டில்தான் நடக்கும். குகனும் மனைவி கௌரியும் அதற்காக ஒரு கிழமை, ஏழு நாள், வந்து நிற்பார்கள். இந்த முறை வந்த கதையே தனி. ரொறன்ரோ விமான நிலையத்தில் அதிகாரி வழக்கமாகக் கேட்கிறதைக் கேட்டிருக்கிறார்: துவக்கு, ஆயுதம் ஏதும் கொண்டு வருகிறீரா? எங்கள் சனத்திடம் “கலியாணம் கட்டியாச்சா” என்று கேட்டால் “இல்லை” என்று சொல்லமாட்டோமே, “இன்னும் இல்லை” என்றுதானே வரும். குகனும் மரியாதையாக ஆங்கிலத்தில் “இன்னும் இல்லை, சேர்” என்று சொல்லிவிட்டான். இரண்டு பெட்டியையும் கொட்டிப் பார்த்துவிட்டார்கள். கௌரி கொண்டுவந்த மிளகாய்த்தூளுக்குள் கூடக் குச்சி விட்டுக் கிண்டினார்களாம். நாங்கள் வெளியே கார் தரிப்பிடத்தில் நின்று குளிரில் விறைத்துப் போனோம்.

“உண்மையைத்தானே சொன்னனான்,” என்றான் குகன்.

“உண்மை பேசுறதுக்கும் ஒரு அளவு சட்டை வேணும்,” என்றேன் நான்.

அது என் தொழிற்பேச்சு. வீட்டு நிலக்கீழ் அறையில் ஒரு தையல் இயந்திரத்தைப் போட்டுக்கொண்டு இருபது வருடத்துக்கு மேலாக சேலைச் சட்டை தைக்கிறேன். யூனியன்வில், ஸ்ரௌவ்வில் என்று எங்கெங்கேயோ இருந்தெல்லாம் எங்கள் பெண்கள் வருவார்கள். எவ்வளவு அவசரம் என்றாலும் பொருந்துகிற பழைய சட்டை ஒன்றைக் கொண்டுவராதவரின் துணியில் நான் கத்தரிக்கோல் வைக்க மாட்டேன். அளவு நாடா பொய் சொல்லும், கண்ணாடியும் பொய் சொல்லும், உடுத்திக் கழித்த சட்டை பொய் சொல்லாது.

2

அந்தச் சாப்பாட்டு மேசைக்கு வருகிறேன். குகன் கைத்தொலைபேசியில் இரண்டு பிஸ்ரல் படங்களை எடுத்து நீட்டினான். ஒன்று விரல் தடிப்புத்தான் இருக்கும். மற்றது அதைவிடக் கொஞ்சம் தடிப்பு. மெல்லிசு மறைக்க நல்லது, ஆனால் பாரமில்லாதபடியால் சுடும்போது உதைக்கும், கை சின்னக் கையென்றால் அடுத்த வெடி எங்கே போகும் என்று தெரியாது. தடிப்பான மற்றது சொன்ன சொல் கேட்கும், ஆனால் குனிந்தால் சேட்டில் முட்டிக்கொண்டு நிற்கும். சுடுபயிற்சி நிலையத்தில் இரண்டையும் வாடகைக்கு எடுத்துச் சுட்டுப் பார்த்திருக்கிறான். ரெக்ஸாஸில் இப்போது அனுமதிப் பத்திரம் இல்லாமலே மறைத்துக் கொண்டு திரியலாமாம். ஆனாலும் வகுப்புக்குப் போய் முறையாக எடுத்து வைத்திருக்கிறான். துவக்குக் கடைக்காரர் மெல்லியதை இவனுக்காக எடுத்து வைத்திருக்கிறார். போனவுடன் பணத்தைக் கட்டி எடுக்க வேண்டியதுதான்.

எங்கள் இவர், என் மனுசன், கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படங்களை மாறி மாறிப் பார்த்தார். “மாப்பிள்ளை பார்க்கிற மாதிரிக் கிடக்கு மச்சான். ஒருத்தன் வடிவு, ஆனா கோவக்காரன். மற்றவன் குணம், ஆனா வண்டியும் தொந்தியும்.”

எனக்கு விளங்கியது நம்பிக்கை விஷயம்தான். தையல் இயந்திரமும் அப்படித்தானே. கடையில் நல்லாக ஓடும், கலியாணத்துக்கு முதல்நாள் நூல் சிக்கும். அதை நான் கேட்டபோது குகன் உற்சாகமாகிவிட்டான். துவக்கிலும் சிக்குமாம். அதனால்தான் வாங்கினவுடன் இடுப்பில் செருகக் கூடாதாம். நூற்றுக்கணக்கில் சுட்டுப் பார்த்து, ஒரு தரமும் சிக்காவிட்டால்தான் நம்பலாமாம். விசையை முழுக்க மூடுகிற உறை வேண்டும், கண்ட உறைக்குள் செருகினால் சொந்தக் காலிலேயே வெடிக்கும், வீட்டில் பூட்டுப்பெட்டி வேண்டும் என்று அடுக்கிக்கொண்டு போனான். சொல்லத்தான் வேண்டும், என் தம்பி பள்ளிக்கூடத்தில் ஒரு பாடத்தைக்கூட இவ்வளவு கவனமாகப் படித்ததில்லை.

எங்கள் மகள் தர்ஷினி இங்கே பிறந்தவள். அவளுக்குத் தமிழ் வாசலில் செருப்புப் போல, உள்ளே வரும்போது கழற்றிவிட்டு ஆங்கிலத்தோடு வருவாள். “மாமா, இஞ்ச அது இல்லீகல்,” என்றாள். கனடாவில் சாதாரண சனம் பிஸ்ரலை மறைத்துக்கொண்டு திரிய முடியாது, புதிதாக வாங்கவும் வழியில்லை என்று விளக்கினாள். பிறகு, “சீரியஸ்லி, இது என்ன டின்னர் ரொப்பிக்?” என்று தட்டை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள்.

கௌரி எழும்பித் தண்ணீர் ஊற்றினாள். பிறகு என்னைப் பார்த்து, “மச்சாள், உவர் அதை வாங்கிறதெண்டா நான் திரும்பிப் போகேல்லை. உங்கடை பேஸ்மன்ரில எனக்கு ஒரு மூலை தாங்கோ, நான் பொத்தான் தைச்சுத் தாறன்,” என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் ஜாடியை மேசையில் வைத்த சத்தத்தில் சிரிப்பு இல்லை.

குகன் என்னைப் பார்த்தான். எங்கள் குடும்பத்தில் அம்மா போனபிறகு வீடு, கார், பெண் எதுவென்றாலும் கடைசிச் சொல் அக்காவிடம் வரும். அக்கா ஓம் என்றால் கௌரியும் ஆறுவாள் என்று அவனுக்கு ஒரு கணக்கு. கௌரிக்கும் அப்படியொரு கணக்கு இருந்தது, மற்றப் பக்கமாக.

எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். “அளவு சட்டை இல்லாமல் நான் வெட்டமாட்டன்,” என்றேன். “ஒரு கிழமை இஞ்ச நிக்கிறாய்தானே. அதே பாரத்தில, அதே தடிப்பில ஒண்டைக் கட்டிக்கொண்டு திரி. உன்ரை சட்டம் எல்லாத்தையும் கைக்கொள். கிழமை முடியக் கதைப்பம்.”

3

பொம்மைத் துவக்குக்கூட இந்த நாட்டில் வில்லங்கம் என்றாள் தர்ஷினி. அப்போ என்ன செய்வது? திவசக் கிழமை என்பதால் வீட்டில் மீன், இறைச்சி என்று மச்சம் ஒன்றும் இல்லை. தகரத்தில் அடைத்த மீன் ரின்கள் எல்லாவற்றையும் பெட்டியில் கட்டிக் கீழே என் இயந்திரத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். சார்டின் மீன் வருகிற அந்தத் தட்டையான ரின் இரண்டு, ஒன்றின் தலைமாட்டில் இன்னொன்று. குகன் அதைக் கையில் எடுத்துப் பார்த்தான், தராசில் வைத்தான், இன்னும் கொஞ்சம் பாரம் வேண்டும் என்றான். என் பழைய கத்தரிக்கோலின் உடைந்த பாதியையும் சீலையில் சுற்றி உள்ளே வைத்தேன். சட்டைக்கு உள்ளுக்கு வைக்கிற பருத்தித் துணியில் பை, அகல இலாஸ்ரிக்கில் பட்டி. வலது இடுப்புக்குச் சற்றுப் பின்னால். சேட்டை இறக்கிவிட்டால் தம்பி தம்பியாகவே நின்றான்.

“பாருங்கோ அக்கா, ஒண்டும் தெரியேல்லை.”

“நிண்டால் தெரியேல்லை. நீ எப்ப சும்மா நிண்டனி?”

முதல் நாள் காரின் இருக்கைப் பட்டியைப் பூட்டும்போதே முனகினான். இரண்டாம் நாள் ரெக்ஸ்டேலில் இருக்கிற பெரியப்பாவின் மகள் மலரக்காவைப் பார்க்கப் போனோம். மலரக்கா கட்டிப்பிடிக்கிற ஆள். கட்டிப்பிடித்தவுடன் அவன் இடுப்பைத் தட்டி, “என்னடா இது, சீனி வியாதிக்கு ஊசி போடுற மிசினோ? எனக்கும் ஒண்டு தந்திருக்கினம், ஆனா இவ்வளவு பெரிசில்லை,” என்றார். ஆருக்கும் சொல்லக் கூடாது என்பது குகனின் சட்டம். ஓம் என்றான். அந்த ஒரு ஓமுக்காக சாப்பாட்டில் அவனுக்குப் பாயசம் கிடைக்கவில்லை. பாவற்காய்ச் சாறு கிடைத்தது.

யூனியன்வில்லில் ஒரு பிறந்தநாள் வீட்டில் பிள்ளைகள் அவன் மேல் ஏறி விழுந்தார்கள். அவன் எப்போதும் பிள்ளைகளுக்குக் குதிரையாகிற மனிதன். அன்றைக்குச் சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு, வாறவர் போறவருக்கெல்லாம் கையெடுத்துக் கும்பிட்டபடி நின்றான். “அமெரிக்கா போய்ப் பெடியன் பெரிய மனுசனாகிட்டான்,” என்று ஒரு அன்ரி சொன்னதை நானே கேட்டேன்.

என்னை யோசிக்க வைத்தது அவன் கைதான். பேச்சு நின்றால் கை இடுப்புக்குப் போகும். வாசல் மணி அடித்தால் போகும். அவனுக்கே தெரியாமல் போகும்.

அந்தக் கையை நான் முன்பும் பார்த்திருக்கிறேன். சண்டைக் காலத்தில் யாழ்ப்பாணத்தை விட்டு எல்லாரும் ஒரே இரவில் வெளிக்கிட்டு நடந்தபோது அம்மா தன் தாலிக்கொடியைப் பாவாடை ஓரத்துக்குள் வைத்துத் தைத்துக்கொண்டு வந்தார். நல்ல தையல். மடிப்பு எங்கே என்று கண் வைத்துத் தேடினாலும் தெரியாது. ஆனால் நடந்த தூரம் முழுக்க அம்மாவின் கை அந்த ஓரத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தது. கூட வந்த சின்னம்மா கடைசியில் பொறுக்க முடியாமல், “அக்கா, அதை வெளியில எடுத்துக் கழுத்தில போடு. உன்ரை கை ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டெல்லோ வருகுது,” என்றார். மழைக்குள், சனத்துக்குள், நாங்கள் எல்லாரும் சிரித்தோம். அம்மாவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே ஓரத்தைத் தொட்டுப் பார்த்தார்.

இதை நான் சொன்னபோது எங்கள் இவர் எடுத்துவிட்டார்: “மடியில கனமில்லாதவனுக்கு வழியில பயமில்லை எண்டு சும்மாவே சொன்னவை?” பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிற மனிதருக்குப் பழமொழி எப்போதும் கைக்கெட்டின தூரத்தில் இருக்கும், பிறேக் மாதிரி.

குகன் விடவில்லை. “எனக்குப் பயம் முதலே வந்திட்டுது அத்தான். கனம் பிறகுதானே வருகுது.”

4

அந்தப் பதில் என் காதில் நின்றது. அடுத்த நாள் காலை நான் கீழே தைத்துக்கொண்டிருக்க, தேத்தண்ணியோடு வந்து துணிக் குவியலுக்குப் பக்கத்தில் குந்தினான். இயந்திரச் சத்தத்துக்குப் பக்கத்தில் சனம் மனம் விட்டுப் பேசும் என்பது என் அனுபவம். முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை, ஊசியைப் பார்த்தால் போதும்.

சில மாதங்களுக்கு முன் அவன் கடைக்கு ஒரு கொள்ளைக்காரன் வந்ததைப் பற்றி எங்களுக்கு இதுவரை அவன் சொன்னது பகிடிக் கதை. மேசைக் காசுப் பெட்டியில் இருந்ததைக் கொடுத்தேன், கூடவே ஒரு சிகரெட் பெட்டியும் கேட்டான், கொடுத்தேன், நன்றி சொல்லிவிட்டுப் போனான் என்று. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போச்சு என்று நாங்களும் விட்டுவிட்டோம். அன்றைக்குத்தான் மிச்சம் வந்தது. துவக்கு நெற்றிக்கு நேரே இருந்திருக்கிறது. காசுப் பெட்டியைத் திறக்கிற பொத்தானை விரல் கண்டுபிடிக்கவில்லை. வருடக்கணக்காக அமத்துகிற பொத்தான். பிறகு வந்த நாட்களில் கடைக் கதவின் மணி கிணுங்கினால் போதும், அவன் விரல் அந்தப் பொத்தானில் போய் நிற்குமாம்.

“ஒரு சின்னப் பிள்ளை சொக்லேட் வாங்க வந்தாலும் நான் முதல் கையைத்தான் பார்க்கிறன் அக்கா. முகம் பார்த்துச் சிரிக்கிறது மறந்துபோச்சு.”

இயந்திரத்தை நிறுத்திவிட்டேன். பகிடி என்று நாங்கள் சிரித்த கதைக்குள் அவன் தனியாக நின்றிருக்கிறான்.

கௌரி சொல்கிற வழி என்ன என்று கேட்டேன். கடையை இரவு ஒன்பது மணியோடு பூட்டச் சொல்கிறாள். கொள்ளைக்காரனும் அதற்குப் பிறகு வந்தவன்தானாம். அந்தத் தெருவில் வில்லங்கமெல்லாம் அதற்குப் பிறகுதானாம். ஆனால் இரவு வியாபாரம்தான் வியாபாரம் என்றான் குகன். வேலை முடிந்து வருகிறவர்கள், லொறிக்காரர்கள், பால்மா தேடி ஓடி வருகிற இளம் தகப்பன்மார். பன்னிரண்டுவரை வெளிச்சம் எரிகிற கடை என்றுதான் அந்தப் பக்கம் அவனுக்குப் பேரே. அதை அணைத்தால் பயந்து அணைத்தான் என்றுதான் சொல்வார்கள். “ஒருத்தனுக்குப் பயந்து நான் பூட்டுறதே?”

எனக்கு இரண்டு பக்கமும் நியாயமாகத்தான் பட்டது. அங்கே எத்தனையோ பேர் ஒழுங்காக, சட்டமாக, பூட்டுப்பெட்டி பயிற்சி என்று பொறுப்பாகத் துவக்கு வைத்திருக்கிறார்கள். இவனும் அப்படித்தான் வைத்திருப்பான். ஸ்ரௌவ்வில்லில் இருந்து சட்டைக்கு வருகிற ஒரு வாடிக்கைக்காரி சொல்வாள்: “இந்த நாடுகளில கதவுக்கு எத்தனை பூட்டும் வாங்கலாம் அன்ரி, நித்திரைக்குத்தான் ஒரு பூட்டும் கிடைக்காது.” என் தம்பிக்கு நித்திரை வேண்டும். கௌரிக்கும் வேண்டும். ஒரே வீட்டில் இரண்டு பேருக்கும் அதை எப்படி வாங்கிக் கொடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை. திவசம் முடியச் சொல்கிறேன் என்று தள்ளிப்போட்டேன்.

5

திவசத்துக்கு முதல்நாள் வெள்ளிக்கிழமை. கோயிலுக்குப் போனோம்.

ஊரில் உள்ளவர்களுக்கு இங்கத்தைய கோயிலைச் சொல்ல வேண்டும். வெளியில் இருந்து பார்த்தால் பண்டகசாலை. ஒரு பக்கத்தில் கார் திருத்துகிற இடம், மறுபக்கத்தில் ஓடு விற்கிற கடை. உள்ளே போனால் செருப்புக் கழற்றுகிற பெரிய அறை. அதில் சுவர் நீளத்துக்குத் தட்டு, மேலே கொளுக்கி, கொளுக்கியெல்லாம் கறுப்பு ஜக்கெற். ரொறன்ரோவில் குளிருக்கு எல்லாரும் ஒரே கறுப்பு ஜக்கெற்றைத்தான் வாங்குவோம், பிறகு திரும்பும்போது மாறிப் போட்டுக்கொண்டு போவோம். எங்கள் இவர் ஒருமுறை யாரோ ஒரு டாக்குத்தரின் ஜக்கெற்றோடு வீட்டுக்கு வந்து, பையில் கிடந்த கார்த் திறப்பைப் பார்த்து எங்களுக்குப் புதுக் கார் வந்துவிட்டதென்று நினைத்தவர்.

குகன் வேட்டியோடு வந்திருந்தான். ஆண்கள் மேல்சட்டை கழற்றித்தான் உள்ளே போக வேண்டும். இதை இவ்வளவு படித்தவன் யோசிக்கவேயில்லை. வெறும் மேலோடு, வேட்டிக்கு மேல், இலாஸ்ரிக் பட்டியும் பையுமாகப் பிள்ளையார் முன்னால் எப்படி நிற்பது? உடம்பை விட்டு எடுக்கவே கூடாது என்பதும் அவன் சட்டம்தான். கொஞ்ச நேரம் அறை வாசலில் அங்கும் இங்கும் தவித்தான். உள்ளே மணி அடித்தது, பூசை தொடங்கிவிட்டது. சடாரென்று பட்டியைக் கழற்றி, தன் சப்பாத்துக்குப் பின்னால் தட்டில் தள்ளிவிட்டு, சேட்டால் மூடிவிட்டு ஓடி வந்தான்.

நல்ல பூசை. குகன் கண்ணை மூடிக்கொண்டு நின்றான். கிழமை முழுக்க அன்றைக்குத்தான் அவன் கை இடுப்புக்குப் போகாமல் நெஞ்சுக்கு நேரே நின்றதைப் பார்த்தேன்.

தீபாராதனை முடிந்து விபூதி கொடுக்கிற நேரம் ஒலிபெருக்கி கரகரத்தது. கோயில் முகாமையாளர் கண்டிப்பான மனிதர். வழக்கமாக அதில் அவர் சொல்வது, வெள்ளை வான் ஒன்று வழியை மறித்து நிற்கிறது, உரியவர் எடுக்கவும் என்பதுதான். அன்றைக்கும் அதே குரலில்தான் தொடங்கினார். “அன்பான அடியார்களே. பாதணிகள் வைக்கும் இடத்தில் மீன் ரின் இரண்டு கண்டெடுக்கப்பட்டுள்ளது.” இங்கே ஒரு இடைவெளி விட்டார். “மீன் ரின். உரியவர் உடனடியாக வந்து எடுத்துச் செல்லவும். இது கோயில்.”

இருநூறு தலை ஒன்றையொன்று பார்த்தது. எனக்குப் பக்கத்தில் நின்ற ஒரு வயதான அம்மா, “இந்தப் புதுசா வந்த ஸ்ருடன்ற் பெடியளாத்தான் இருக்கும், பாவங்கள், சமைக்கத் தெரியாது,” என்றார். நான் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டேன். குகன் வெறும் மேலோடு தூணுக்குப் பின்னால் நின்றான். காது இரண்டும் சிவந்துபோயிருந்தன. எங்கள் இவர் அவனைப் பார்க்காமலே, “போ மச்சான். உரியவர் நீதானே,” என்றார்.

மூன்று பேருமாகச் செருப்பு அறைக்குப் போனோம். கௌரி எங்களுக்கு முன்னமே போய்விட்டிருந்தாள்.

முகாமையாளர் ரின்களை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருக்கு முன்னால் நாலு வயது இருக்கும், ஒரு சின்னவன், அரையில் பட்டுவேட்டி கழன்று தொங்க, என் கையால் நான் தைத்த பையைப் பிடித்துக்கொண்டு நின்றான். தன் செருப்பைத் தேடிக் குகனின் சப்பாத்தை இழுத்திருக்கிறான். பின்னால் சுவாரசியமாக ஏதோ இருந்திருக்கிறது. ரின்கள் நிலத்தில் விழுந்து சறுக்கிவிட்டன. உடைந்த கத்தரிக்கோல் இன்னும் பைக்குள்தான் இருந்தது. அவன் வலது கை முழுவதும் பைக்குள் இருந்தது. மறுகையால் பையின் மற்ற நுனியை, உண்மைத் துவக்கென்றால் குழாய் வாய் வருகிற நுனியை, தன் வயிற்றோடு அணைத்துப் பிடித்திருந்தான்.

என் சிரிப்பு அப்படியே நின்றது.

கௌரி நிலத்தில் முழங்காலில் இருந்தாள். அவளுடைய முகம் அவனுடைய முகத்துக்கு நேரே. “குடுங்கோ ராசா,” என்றாள், மெல்ல. “ஒண்டும் செய்யமாட்டன். மெதுவாக் கையை எடுங்கோ. மெதுவா.” மீன் ரின் பையை வாங்குகிற குரல் அல்ல அது. அந்தச் சின்னவன் அவளை ஆச்சரியமாகப் பார்த்துக் கையை எடுத்தான். அவள் பையை வாங்கி நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள். பிள்ளையின் தாய் ஓடி வந்து, சொறி அன்ரி, இவன் எதையும் விடமாட்டான் என்று மன்னிப்புக் கேட்டாள். கௌரி தலையை மட்டும் ஆட்டினாள்.

முகாமையாளர் குகனைப் பார்த்தார். குகன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். “மறதியா...” என்றான். இரண்டு ரின்னையும் வாங்கிக்கொண்டான். அவர் கையைக் கழுவப் போய்விட்டார்.

6

காரில் முன்னால் எங்கள் இவரும் குகனும். பின்னால் நானும் கௌரியும். வண்டி இன்னும் கோயில் தரிப்பிடத்தில்தான் நின்றது. கண்ணாடியில் படிந்த பனி உருகட்டும் என்று இவர் சூடு போட்டுவிட்டுக் காத்திருந்தார்.

கௌரி பேசத் தொடங்கியபோது நான் அழுகை வருமென்று எதிர்பார்த்தேன். வரவில்லை. ஒரு சட்டையின் அளவு சொல்கிறதுபோலச் சொன்னாள்.

“எங்கடை அப்பாவைச் சைக்கிளில ரெண்டு பேர் வந்து படலையில கூப்பிட்டவை. நான்தான் போய்ப் படலையைத் திறந்தனான். ஆர் எண்டு கேக்காதேங்கோ, அது இப்ப ஒருத்தருக்கும் வேண்டாம். நல்ல மரியாதையா, ‘தங்கச்சி, அப்பா நிக்கிறாரே’ எண்டு கேட்டவை. சேட்டை வெளியில விட்டிருந்தவை. இடுப்பில துவக்கு இருந்தது. ஒண்டும் தெரியேல்லை. ஒரு துளிகூடத் தெரியேல்லை. நான் உள்ளுக்குப் போய், அப்பா உங்களை ஆரோ தேடினம் எண்டு சொன்னனான்.”

அவளுடைய அப்பா இளமையிலேயே போனவர் என்று மட்டும்தான் எங்களுக்குத் தெரியும். இருபத்தைந்து வருடம் கூட வாழ்ந்த குகனுக்கும், படலையைத் திறந்தது அவள் என்பது புதிது என்று அவன் கழுத்தைப் பார்த்தபோது விளங்கியது. அவன் திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை.

“உங்களுக்கு நடந்ததை நான் சின்னனாச் சொல்லேல்லை,” என்றாள் அவள், இப்போது அவனுக்கு. “நீங்கள் நித்திரையில கையை நீட்டி அந்தப் பொத்தானைத் தேடுறதை நான் பார்த்துக்கொண்டுதானே படுக்கிறன். பயம் எண்டா பயம்தான், அதில வெக்கம் என்ன? வாங்குறதெண்டா வாங்குங்கோ. நான் தடுக்கேல்லை. ஆனா நீங்கள் சேட்டை வெளியில விட்டுக்கொண்டு வீட்டு வாசல்ல வந்து நிண்டா, என்னால கதவைத் திறக்க ஏலாது. அவ்வளவுதான்.”

கடைசிச் சொல் அக்காவிடம் என்றேனே, அந்தச் சொல் என்னிடம் இல்லை. அவளுடைய கையை மட்டும் எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். குளிர்ந்திருந்தது.

குகன் கைத்தொலைபேசியை எடுத்தான். துவக்குக் கடைக்காரரைக் கூப்பிட்டான். தன் ரெக்ஸாஸ் ஆங்கிலத்தில், சேர், எனக்கென்று எடுத்து வைத்ததை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்றான். மறுமுனை ஏதோ கேட்டது. இல்லை சேர், அது நல்ல சாமான்தான், குறை ஒன்றுமில்லை என்றான். நன்றி சொல்லி வைத்தான்.

எங்கள் இவர் பெருமூச்சு விட்டுக் கியரில் கை வைத்தார். ஆனால் கௌரி இன்னும் யன்னலுக்கு வெளியேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கும் விளங்கியது. பிஸ்ரல் போய்விட்டது, சரி. திங்கட்கிழமை இரவு பதினொரு மணிக்குக் கடைக் கதவின் மணி கிணுங்கும்போது அவன் வெறுங்கையோடு அங்கே நிற்பான். அவள் வீட்டில் விழித்துக்கொண்டு கிடப்பாள்.

“ஒரு நிமிசம் அத்தான்,” என்றான் குகன்.

அவன் மறுபடி திரையைத் தட்டினான். இணையத்தில் கடையின் பக்கத்தைத் திறந்தான், அவன் கடைப் பலகையின் கீழ் பல் தெரியச் சிரித்துக்கொண்டு நிற்கிற பழைய படம் மேலே. கீழே திறக்கிற நேரம், பூட்டுகிற நேரம். அந்த இலக்கத்தில் விரலை வைத்தான். பிறகு பன்னிரண்டை அழித்துவிட்டு ஒன்பது என்று அடித்தான். திங்களுக்கு அடித்தான், செவ்வாய்க்கு அடித்தான், அப்படியே ஒவ்வொரு நாளாக அடித்துக்கொண்டு போனான். முடித்துவிட்டு முதல் தரமாகப் பின்னால் திரும்பி, திரையைக் கௌரியிடம் நீட்டினான்.

“சரியோ எண்டு பாரும்.”

அவள் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு நாளாகப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமையை விட்டுவிட்டான் என்று விரலால் காட்டினாள். குகன் அதையும் ஒன்பதாக்கிச் சேமித்தான்.